வண்டியில் வந்த நம் மண்

அக்கா, இன்று காலை நம் மண் பிக்கப் வண்டியில் ஏறி என் தோட்டத்துக்கு வந்தது.

டிரைவர் பின்கதவின் கொண்டியைத் தட்டிவிட்டதும் மொத்தமாகச் சரிந்து கொட்டியது. தைலப்புல் வாசம் குப்பென்று மூக்கில் ஏறியது. கோழி எருவும் டீசலும் நாறுகிற அந்த மேட்டில் அந்த வாசத்துக்கு என்ன வேலை என்று குனிந்து ஒரு கை அள்ளினேன். கருகருவென்ற மண். உள்ளே நைந்துபோன புல் வேர். வேரோடு ஒட்டிக்கொண்டு பொடிப்பொடியாக முட்டை ஓடு. இந்த மலையில் எத்தனையோ பேர் கேரட் போடுகிறார்கள். முட்டை ஓட்டுக்காக ஆம்லெட் கடைக்காரனோடு மல்லுக்கு நின்றவர் நீங்கள் ஒருவர்தான்.

"எங்கீங்க எடுத்தீங்க இந்த மண்ண?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"பைப்லைன் ரோட்டுக்கு மேல காட்டேஜ் கட்டறாங்கல்லங்க்கா, அங்கதான். பாருங்க, கேக்காட்டம் இருக்குது. இந்த மாதிரி மண்ணு இந்தப் பக்கம் எங்கீமே கெடைக்காதுங்க."

தானே செய்த பலகாரம் மாதிரி அவ்வளவு பெருமையாகச் சொன்னான். "கெடைக்காதுங்க" என்று நானும் சொன்னேன். அவன் போன பிறகு அந்தக் குவியல் மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது, உங்கள் மேலும்.

நீங்கள் போய் இது இரண்டாவது பனிக்காலம். நான் இப்போது கேத்திக்குக் கீழே வேறு ஒரு சரிவைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். தனியாகத்தான். நாம் முதன்முதலில் எடுத்த நிலம் எப்படி இருந்ததோ அதைவிட மோசமாக இருக்கிறது இது. மேல்மண் என்று ஒன்றுமே இல்லை. மண்வெட்டி போட்டால் செங்கல் மாதிரிச் சிவப்பாக உடைகிறது. அதனால்தான் எல்லோரையும் போல நானும் வண்டி மண்ணுக்குச் சொல்லிவைத்தேன். எங்கே தோண்டுகிறார்கள், எந்த மலையை அறுக்கிறார்கள் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. நானும் கேட்காமல்தான் சொன்னேன். வந்து சேர்ந்தது உங்கள் மண்.

நாம் அந்த முதல் நிலத்தைப் பார்க்கப் போன நாளை நினைத்துக்கொண்டேன். அதற்கு முன்னால் நாம் இரண்டு பேரும் ஒரே எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோம். பேக்டரி ஓடாமல் வாரத்துக்குப் பாதி நாள் வேலை என்று ஆனபோது, பறித்தது போதும், நாமே ஏதாவது போடுவோம் என்று கிளம்பினோம். நிலத்துக்காரர் கோயம்புத்தூரில் இருந்தார். சாவியைக் கொடுக்கிற மாதிரி, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். நீங்கள் சரிவின் நடுவில் நின்று மேலேயும் கீழேயும் பார்த்தீர்கள்.

"என்னா புள்ள இது, மலைய மொட்டையடிச்சு வச்சிருக்கானுங்க" என்றீர்கள்.

எனக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை. இங்கே எல்லாச் சரிவும் அப்படித்தான். கேரட்டின் வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். அதனால் பாத்தியை மேலிருந்து கீழே பார்த்துப் போடுவது வழக்கம். பெய்கிற மழை நிற்காமல் இறங்கிவிடும். இறங்குகிற தண்ணீர் வெறுங்கையோடு இறங்குமா? மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டு போய் ஓடையில் சேர்க்கும். போனதற்குப் பதில் வண்டி மண்ணை வாங்கிக் கொட்டுவார்கள். அதுவும் அடுத்த மழைக்குப் போகும். குத்தகையே வருஷத்துக்கு வருஷம். அடுத்த வருஷம் வேறு யாரோ போடப்போகிற நிலத்தில் மண் நின்றால் என்ன, போனால் என்ன? அப்படித்தான் எல்லோரும் யோசிக்கிறார்கள். அப்படி யோசிப்பதில் தப்பும் சொல்ல முடியாது, வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

நீங்கள் சின்ன வயதில் கப்பல் ஏறி இலங்கையிலிருந்து வந்தவர். அங்கே தேயிலை மலையில் உங்கள் அப்பாவுக்குக் கான் வெட்டுகிற வேலை. கான் என்றால் சரிவுக்குக் குறுக்கே வெட்டுகிற வாய்க்கால் என்று எனக்கு நீங்கள்தான் சொன்னீர்கள். "அங்கிட்டு கான் வெட்டாம ஒரு மல கெடையாது புள்ள. கானுக்குள்ள குழி குழியா இருக்கும். மழத்தண்ணி கொண்டுவர்ற மண்ணு குழியில தங்கிரும். அத அள்ளி மறுபடி மேல போடணும். தொரை வந்தாருன்னா மொதல்ல குழியத்தான் எட்டிப் பாப்பாரு."

சொன்னதோடு நிற்கவில்லை. நம் நிலத்திலும் அப்படியே வாய்க்கால் வெட்டி, பாத்தியையும் குறுக்கே போட்டீர்கள். நானும் தலையை ஆட்டினேன். அந்த முதல் வருஷம் நாம் பட்ட அவமானம் இருக்கிறதே! மழை விடாமல் பெய்தது. குறுக்குப் பாத்தியில் தண்ணீர் குளம் கட்டி நின்றது. பிடுங்கிப் பார்த்தால் கேரட்டின் அடிப்பாதி கூழாக வந்தது. அந்த நாற்றம் என் சேலையை விட்டுப் போக ஒரு வாரம் ஆயிற்று. பக்கத்து நிலத்தில் போட்டிருந்த ரங்கண்ணன் வேலியோரம் வந்து நின்று, "ஏனுங்க, மீன் கீன் விடறதா இருந்தா நமக்கும் ஒரு கூறு குடுங்க" என்றார். நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை. உங்களைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். உங்கள் சிலோன் கதையை நம்பி என் பொழைப்பே போச்சு என்றெல்லாம் கத்தினேன். நீங்கள் அழுகின கேரட்டைக் கூடையில் பொறுக்கிக்கொண்டே இருந்தீர்கள். எல்லாம் பொறுக்கி முடித்த பிறகு, "மண்ணத் தேக்கணும்னு நெனச்சேன், தண்ணிக்கு வழி விட மறந்துட்டேன். தேயில தாங்கும். இது தாங்கல" என்றீர்கள். அவ்வளவுதான். மறுநாளே வாய்க்காலுக்குக் கொஞ்சம் சாய்வு கொடுத்து, கடைசியில் கல் அடுக்கி, தண்ணீர் மெதுவாக வெளியேற வழி செய்தீர்கள்.

அந்தத் தைலப்புல்லும் அப்போது வந்ததுதான். நீங்கள் அதை மானாப்புல் என்பீர்கள். எங்கிருந்தோ தூர் தூராகப் பிடுங்கிவந்து வாய்க்கால் கரையெல்லாம் நட்டீர்கள். வெட்டி வெட்டி, வெயிலும் மழையும் நேராக மண்ணில் படாதபடி பாத்திக்கு மூடாக்குப் போட்டீர்கள். ஆம்லெட் கடை முட்டை ஓடு, பேக்கரிச் சாம்பல், ஆட்டுப் புழுக்கை, வேலியோர உண்ணிச்செடித் தழை. எதைக் கண்டாலும் உங்களுக்கு அது எருவாகத்தான் தெரியும். அந்த மூட்டைகளோடு ஏறினால் பஸ்ஸில் நம் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். உங்களுக்கு, பரவாயில்லை, காலை நீட்டிக்கொள்ளலாம் என்று இருக்கும்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடிக்காத வேலை மண் ஏற்றுவது. ஒவ்வொரு மழைக்கும் மறுநாள் குழியில் தங்கின மண்ணை அள்ளி, கூடையில் வைத்து, தலையில் சுமந்து, சரிவின் உச்சிக்குக் கொண்டுபோய்ப் போட வேண்டும். கீழே வந்ததை மேலே கொண்டுபோவது, அது மறுபடி கீழே வருவது, மறுபடி மேலே. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்ப்பார்கள். "இதுக்கு ஒரு முடிவே இல்லையாங்க்கா?" என்று ஒருநாள் ஈர மண் கழுத்தில் வழிய வழியக் கேட்டேன். "கொழுந்து பறிச்சப்ப மட்டும் முடிவு இருந்துச்சா?" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடையோடு உட்கார்ந்து சிரித்தோம்.

வருஷங்கள் போகப் போகத்தான் தெரிந்தது. குழியில் தங்குகிற மண் குறைந்தது. சிவப்பாக இருந்த நிலம் பழுப்பாகி, பிறகு கறுத்தது. கையை விட்டால் மணிக்கட்டு வரை இறங்கியது. கடும் மழை பெய்த வருஷத்தில் ரங்கண்ணன் நிலத்தில் பாத்தியோடு பயிரே ரோட்டுக்கு வந்தபோது, நம் நிலம் மழையைக் குடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. கீழே மூடிப்போயிருந்த ஊற்றில் தண்ணீர் கசிந்தது. ரங்கண்ணனே வந்து வாய்க்காலைப் பார்த்துவிட்டுப் போனார். அவரும் அடுத்த வருஷம் செய்வதாகச் சொன்னார். ஆனால் அவருக்கு அடுத்த வருஷக் குத்தகை கிடைக்கவில்லை. வேறு நிலத்துக்குப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் நம் நிலத்துக்காரர் குடும்பத்தோடு வந்தார். வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காதவர். நீங்கள் அவருக்குப் பாத்தி பாத்தியாகக் காட்டினீர்கள். மண்ணை அள்ளி அவர் கையிலேயே வைத்தீர்கள். அவர் மண்ணைப் பார்க்கவில்லை. நாம் வருஷா வருஷம் மண்ணை ஏற்றி ஏற்றி, கரை கட்டிக் கட்டி, அந்தச் சரிவு படிப்படியாகத் தட்டையாகியிருந்தது. அவர் ஒரு படியில் நின்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"பரவால்லீங்களே, நல்லா லெவல் பண்ணி வச்சிருக்கறீங்க" என்றார். பிறகு தன் மகனைப் பார்த்து, "இங்கிருந்து வியூவும் நல்லாருக்குது" என்றார்.

அடுத்த குத்தகை இல்லை என்று போனில் சொன்னார்கள். காட்டேஜ் கட்டப்போகிறார்களாம். சரிவாகவே விட்டிருந்தால், மற்றவர்கள் மாதிரி கரைத்துவிட்டிருந்தால், அந்த நிலத்தில் யாரும் கட்டிடம் கட்ட நினைத்திருக்க மாட்டார்கள். அதை நாம்தான் கட்டுவதற்குத் தோதாக ஆக்கி வைத்தோம். இதை நான் உங்களிடம் அப்போது சொல்லவில்லை. நீங்களும் என்னிடம் சொல்லவில்லை. இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

கடைசி நாள் சாமான்களை எடுக்கப் போனபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அந்தப் புல்லையெல்லாம் புடுங்கி எறிஞ்சுட்டுப் போயர்லாமுங்க்கா. நாம எதுக்கு விட்டுட்டுப் போகோணும்?" என்றேன்.

"வேணாம் விடு. புல்லு நின்னாத்தான் மண்ணு நிக்கும். வர்றவன் யாரா இருந்தா என்னா?"

சொல்லிவிட்டு நீங்கள் கூடையை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் இறங்கினீர்கள். குழியில் இருந்த மண்ணை அள்ளத் தொடங்கினீர்கள். இனி நமக்கு அந்த நிலத்தில் ஒரு பிடி கூடக் கிடையாது. "யாருக்குங்க்கா இதச் செய்யறீங்க?" என்று கத்தினேன். மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொன்னீர்கள். நான் வேலியோரம் நின்றுகொண்டிருந்தேன், உதவிக்கு வரவில்லை. நீங்கள் தனியாகவே மேலே சுமந்து போட்டீர்கள்.

அந்த மழைக்காலம் முழுக்க உங்களுக்கு நெஞ்சுச்சளி. பனி தொடங்கியபோது குன்னூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து உங்கள் மகன் வந்தான். மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் நீங்கள் கேட்டது, எனக்கு வேறு நிலம் கிடைத்துவிட்டதா என்பதுதான். கிடைக்கும் என்றேன். "மொத வருசமே குறுக்க போட்ராத. மண்ணு பழகணும்" என்றீர்கள். சாகக் கிடக்கிற நேரத்திலும் அதே பேச்சா என்று நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இவ்வளவு எழுதும்போது கூலியாட்களின் மேஸ்திரி வந்துவிட்டார். அடுத்தடுத்து வந்த வண்டி மண்ணையெல்லாம் பரப்பியாயிற்று, பாத்தி எப்படிப் போடுவது என்று கேட்டார். "வழக்கம்போல கீழ பாத்துத்தானுங்க?" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு இதை மூடி வைத்தேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மீதியை எழுதுகிறேன்.

நான் யோசிக்காமல் இல்லை. பரப்பின மண்ணின் மேல் நடந்து பார்த்தேன். கால் மெத்தென்று இறங்கியது. இந்த மண் பழகின மண்தானே, குறுக்கே போட்டாலும் தண்ணீரைக் குடிக்குமே என்று ஒரு ஆசை. ஆனால் அடியில் கிடப்பது செங்கல் நிலம். மேலே ஒரு சாண் நல்ல மண்ணைப் பூசிவிட்டால் ஆயிற்றா? மழை பிடித்தால் தண்ணீர் நிற்கும், அழுகும். அப்போது என் பக்கத்தில் நின்று அழுகினதைப் பொறுக்க நீங்கள் இருந்தீர்கள், ஒரு வருஷத்தைத் தாண்டினோம். இப்போது ஒரு போகம் போனால் நான் அவ்வளவுதான். வாய்க்கால் வெட்டலாமா என்று இந்த நிலத்துக்காரரிடம் கேட்டேன். "குழி கிழி எல்லாம் வேண்டாமுங்க, அடுத்து வர்றவங்களுக்கு எடைஞ்சல்" என்றார். அடுத்து வருகிறவர்கள்! நான் பாத்தியே போடவில்லை, அதற்குள் எனக்கு அடுத்தவரை அவர் பார்த்துவிட்டார்.

அவர் சரி என்று விட்டிருந்தாலும் நான் வெட்டியிருப்பேனா என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அக்கா. ஆறேழு வருஷம் தலையில் மண் சுமந்து, நிலத்தைத் தேற்றி, அது தேறிய பாவத்துக்கு அதை இழந்தோம். இன்னொரு தடவை அதைச் செய்ய என் உடம்பு வந்தாலும் மனசு வராது. மேஸ்திரியிடம், "கீழ பாத்தே போட்ருங்க" என்று சொன்னேன். அவர் ஆட்கள் சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டார்கள். கயிறு பிடித்த மாதிரி நேராக, மேலிருந்து ஓடை வரைக்கும், உங்கள் மண்ணில் பாத்தி.

முந்தாநாள் மத்தியானம் மழை. இப்போதெல்லாம் மழை நாள் முழுக்கப் பெய்வதில்லை, தெரியுமா? ஒரு மாசத்துக்குப் பெய்ய வேண்டியதை ஒரு மத்தியானத்தில் கொட்டிவிட்டு வெயில் அடிக்கிறது. நான் தகர ஷெட்டுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பாத்தி இடுக்குகளில் தண்ணீர் கறுப்பாக இறங்கியது. ஷெட்டை விட்டு வெளியே போகவே இல்லை நான். போய் என்ன செய்ய? கையால் அணை போடவா? கொஞ்ச நேரத்தில் கறுப்பு தீர்ந்தது. அதன் பிறகு சிவப்பாக வந்தது. அதைப் பார்த்த பிறகு நான் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

நேற்றுக் காலை நம் காலனிக் குழாயில் தண்ணீர் கலங்கி வந்தது. ஓடைப் பக்கத்துத் தொட்டியிலிருந்துதானே நமக்குத் தண்ணீர். வரிசையில் எனக்கு முன்னால் மும்தாஜ் நின்றிருந்தாள். மார்க்கெட்டில் செருப்புக்கடை வைத்திருக்கிறார்களே, அவர்கள் வீட்டு மருமகள். குடத்து வாயில் துணியைக் கட்டி வடிகட்டிக்கொண்டே, "எந்த மகராசன் தோட்டத்து மண்ணோ போங்க, கொடத்துல பாதி அதுதான் இருக்குது. கொழந்தைக்கு எப்டிங்க இதக் குடுக்கறது? இவங்களுக்கெல்லாம் மண்ண எப்படி நிறுத்தறதுன்னே தெரியாதுங்களா?" என்றாள்.

"தெரியாதாட்டம் இருக்குதுங்க" என்றேன்.

அவள் திட்டிக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அவளுக்குத் திட்டுவதற்கு யாரோ ஒரு மகராசன் இருக்கிறான். எனக்கு அதுவும் இல்லை. மண்ணை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியும். எங்கே வாய்க்கால், எவ்வளவு சாய்வு, எந்தக் கரையில் புல், எல்லாம் கண்ணை மூடினால் தெரிகிறது. நீங்கள் போன பிறகு என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதை மறந்துவிட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று சில நாள் நினைக்கிறேன். மறக்கவும் முடியவில்லை, செய்யவும் முடியவில்லை.

என் முறை வந்ததும் குடத்தைக் குழாயடியில் வைத்தேன். அது நிறையும் வரை தண்ணீரோடு விழுகிற மண்ணைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.